பிராசசருக்குத் தெளித்த பன்னீர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, குறுக்கே புகுந்து திருத்திவிட்டுத்தான் மறுவேலை. முன்பின் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி "இதான் சி.பி.யூ." என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால்கூட, "பெட்டி வேறங்க, சி.பி.யூ. வேற. அது உள்ள பிஸ்கட் அளவுல இருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கள்ளக்குறிச்சியில் இருக்கிற அத்தனை வாய்களையும் தினமும் ஏற்றி இறக்குகிறவர். அவரே, "ஒன்னாண்ட பேசறதுக்கு மின்ன படிச்சிகினு வரணும்போல" என்பார்.

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். முதலில் என்னிடம் இருந்தது யாரோ ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர். அதன் பிராசசரில், அதாவது அந்த பிஸ்கட் அளவு சி.பி.யூ.வில், இரண்டே கோர். கோர் என்றால் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இரண்டு ஆள், இரண்டும் வயசானது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டு வந்து, எடிட் முடித்து, கடைசியாக ஒரே படமாகத் திரட்டும் வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே மீன் குழம்பு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் பாதிதான் முடிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. அன்றைக்கு முடிவு செய்தேன், சாப்பாட்டைக் குறைத்தாலும் சரி, ஒரு நல்ல பிராசசர் வாங்கிவிடுவது என்று.

கடைக்குப் போனால் எல்லாரும் புத்தம்புது மாடலைத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள். விளையாட்டுப் பையன்களுக்கு ஏற்றது, வெளிச்சம் வரும், கலர் மாறும் என்று ஒரே பாட்டு. நான் ஏற்கெனவே படிக்க வேண்டியதை எல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். விளையாட்டுக்கு ஒன்றிரண்டு கோர் வேகமாக ஓடினால் போதும். வீடியோ வேலைக்குத் தலை எண்ணிக்கை வேண்டும். புது மாடல் வந்ததால் விலை இறங்கிப்போன போன வருஷத்து மாடல் ஒன்று இருந்தது. ஆறு கோர். ஒவ்வொரு கோரும் இரண்டு வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கும். அதைவிட முக்கியமாக, கம்பெனி அதன் வேகத்துக்குப் பூட்டுப் போடாமல் விட்டிருந்தது. வேண்டுமானால் நாமே கூட்டிக்கொள்ளலாம். கடைக்காரர், "பழசுங்க அது" என்றார். "பழசு இல்லங்க, போன வருஷத்துது" என்று திருத்தினேன். எடுத்துக் கொடுத்துவிட்டார்.

என் அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். ஆறு கோர் என்றால் ஆறு ஆள் மாதிரி என்று அவருக்கு விளக்கினேன்.

"ஆறு பேரும் வெட்ற ஆளா, இல்ல கூலிக்கு கையெழுத்து போட வந்த ஆளா?" என்று கேட்டார்.

"எல்லாம் வெட்ற ஆளுதாம்மா. ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு கை, ரெண்டு கையிலயும் தனித்தனி வேல."

"ஒத்தக் கையில எவண்டி கரும்பு வெட்றான்? புடிக்கறதுக்கு ஒரு கை வேணாம்?"

என்னைத் திருத்த ஒருத்தர் உண்டென்றால் அது அம்மாதான்.

பூட்டு இல்லாத பிராசசரை வாங்கிவிட்டு அதைக் கம்பெனி சொன்ன வேகத்தில் ஓட்டுவது எனக்குப் பாவமாகப் பட்டது. மாட்டிய அன்றைக்கே ஓவர்கிளாக் பண்ண உட்கார்ந்துவிட்டேன். செட்டிங்ஸில் போய் வேகத்தை ஒரு படி ஏற்றவேண்டும். ஆறு கோரும் மூச்சுமுட்ட வேலை செய்கிற மாதிரி ஒரு சோதனையை ஓடவிட வேண்டும். தாங்கினால் இன்னொரு படி. ஏதோ ஒரு படியில் திரை நீலமாகி நின்றுவிடும். அப்போது வோல்டேஜைத் துளி கூட்டினால் மறுபடி தாங்கும். ஆனால் சூடு ஏறும். வேகம், வோல்டேஜ், சூடு, மூன்றையும் ஒன்றுக்கொன்று சண்டை வராமல் உட்காரவைப்பதுதான் வித்தை. சூட்டை இழுக்க மேலே பெரிய கூலராக, ஒரு தேங்காய் அளவுக்கு, வாங்கி மாட்டியிருந்தேன்.

வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஓவர்கிளாக்னா இன்னா? கடியாரத்த வேகமா வெக்கறதா?"

"ஆமா. அதோட கடியாரம் வேகமா துடிக்கும். வேல சீக்கிரம் முடியும்."

"கடியாரத்த வேகமா வெச்சா முகூர்த்தம் முன்னாடி வந்துருமா?" என்று கேட்டுவிட்டு, நான் திருத்துவதற்குள் அவரே, "எனக்கு ஓவர்லோடுன்னு பைன் போட்றாங்க. ஒனக்கு யாரும் போடமாட்டாங்களா?" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

அது தை மாதம். காலையில் மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கும். நான் வைத்த வேகத்தில் கம்ப்யூட்டர் அம்சமாக ஓடியது. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். மாசி போய்ப் பங்குனி வந்ததும் சூடு ஏற ஆரம்பித்தது. வேகத்தை ஒரு படி இறக்கினால் தீர்ந்துபோகிற விஷயம். இறக்க மனசு வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். சூடு அடங்கியது. அதற்குப் பிறகு தகட்டை மாட்டவே இல்லை.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர் வளைகுடாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிற பாய். வீட்டில் அவர் மனைவி, மகள், பாயின் அக்கா. பாயின் அக்காதான் பஜாரில் வளையல், சென்ட், பன்னீர் எல்லாம் வைத்து ஃபேன்சி கடை நடத்துகிறார். அத்தாவின், அதாவது அப்பாவின், அக்காவை அவர்கள் குப்பி என்று கூப்பிடுவார்கள். பாயின் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் குப்பி ஆகிவிட்டார்.

மகளுக்கு மணலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துச் சித்திரையில் நிக்காஹ் என்று முடிவானது. பாய் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பத்திரிகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, தள்ளிவைக்க வழியில்லை. பாயின் மனைவி மாடிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"புள்ள வளந்ததெல்லாம் போன்லதான் பாத்தாரு. நிக்காஹ்வயாவது நேர்ல பாக்கலாம்னு இருந்தாரு. இப்ப அதுவும் இல்லன்னு ஆயிடுச்சி. நீ எதனா பண்ண முடியுமா?"

போனில் வீடியோ கால் போட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. நிக்காஹ் இரண்டு இடத்தில் நடக்கும். மண்டபத்தில் மாப்பிள்ளை கீழே ஆண்கள் பக்கம் மேடையில், நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் எதிரில் இருப்பார். பெண் மேலே பெண்கள் பக்கம் இருப்பாள். பெண் சார்பில் வக்கீலாக நிற்கும் உறவினரும் இரண்டு சாட்சிகளும் மேலே வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்டு, கீழே இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். மகள் சம்மதம் சொல்வதையும் அவர் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை ஏற்றுக்கொள்வதையும் பார்க்க வேண்டும். பெண்கள் பக்கம் எடுக்க ஒரு பெண்தான் வேண்டும். அவர்கள் என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம். கீழே இரண்டு கேமரா, மேலே ஒன்று, மூன்றின் படத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் வாங்கி, மாற்றி மாற்றி, அந்த நிமிஷமே பாயின் போனுக்கு மட்டும் அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். இதற்குத்தானே ஆறு கோர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டரை வைக்கத் தோதான இடம் மாடிப்படிக்குக் கீழேதான். மேலிருந்தும் உள்ளிருந்தும் வயர் வந்து சேர அதுதான் வழி. வெயில் கொளுத்தியது. வழக்கம்போல் பக்கவாட்டுத் தகடு இல்லாமல், ஃபேன் காற்றில், பெட்டி உள்ளும் புறமும் தெரிய உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கீழே இருந்த கேமராக்களைப் பார்த்துக்கொண்டார். நான் படம் அனுப்ப ஆரம்பித்ததும் பாய் போனில் வந்து, "தெளிவா தெரியுதும்மா" என்றார். அவர் குரல் அப்போதே உடைந்திருந்தது.

அந்தப் படிக்கட்டின் அடியில்தான் குப்பி பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். மேலே போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் செம்பை உதறிப் பன்னீர் தெளித்து அனுப்புவது அவர் வேலை. கல்யாணத்துக்கு வந்த ஒருத்தரையும் பன்னீர் படாமல் உள்ளே விடமாட்டார். நான் மேலே போய் மணப்பெண் எதிரில் இருந்த கேமராவைச் சரிசெய்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் பார்த்தேன். குப்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் முன் வந்து நின்றார். நின்று, வந்தவர்களுக்கு உதறிய மாதிரியே செம்பை அதன்மேல் உதறினார். ஃபேன் அதை வாங்கி உள்ளே இறைத்தது. திரை இருண்டது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "கரண்ட் பொட்டியில தண்ணி ஊத்துவாங்களா யாராச்சும்?" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"பன்னீரும்மா அது" என்றார் குப்பி, ரொம்ப மெல்ல. "எல்லாரும் வந்துட்டாங்க. எந்தம்பி இதுலதானே வந்திருக்கான், அவனுக்கு யாரு தெளிப்பாங்கன்னு…"

நான் கேட்டும் கேட்காத மாதிரி ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். திரும்பிப் பார்த்தபோது குப்பி அங்கே இல்லை.

உள்ளே விஷயம் பரவியது. பாய் போனில் மனைவியிடம், "பரவால்ல, எனக்காக நிறுத்த வேணாம், ஆரம்பிங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரும், ஆரம்பிக்கலாம், அப்புறம் வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பிரியாணி மாஸ்டர் வந்து, தம் பிரிக்கிற நேரம் தாண்டினால் அடி பிடிக்கும், அப்பால என்னைச் சொல்லாதீங்க என்றார். எல்லாரும் சொன்னது நியாயம்தான். நான் கம்ப்யூட்டரைக் குப்புறச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அழுகை வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேடையில் இருந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதுவரை அவர் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. "மாமா பாக்காம எப்டிங்க? இருப்போம்" என்றார்.

ஹஜ்ரத்துக்கு அன்றைக்கு வேறு ஊரில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "அவங்க அத்தா பாக்கட்டும்" என்றார். அந்த மனுஷரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்த பெண் முடி காயவைக்கும் டிரையரைக் கொண்டுவந்து, குளிர்காற்றில் வைத்துப் பிடித்தாள். பாயின் மனைவி மடிப்புக் கலையாத புது வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாகக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒற்றி எடுத்தேன். பன்னீர் பெரும்பாலும், பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் போர்டின் ஓரத்தில்தான் பட்டிருந்தது. பிராசசரை அந்தத் தேங்காய் அளவுக் கூலர் குடை பிடித்துக் காப்பாற்றியிருந்தது. போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அதன் அடியிலும் ஈரம். அதையும் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். எல்லாவற்றையும் மாட்டி, அம்மா கும்பிடுகிற சாமி, இவர்கள் தொழுகிற அல்லா, எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு ஸ்விட்சை அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் 'பீப்' என்று ஒரு சத்தம். காற்றாடி சுற்றியது.

திரையில் ஒரு வரி வந்தது. செட்டிங்ஸ் அனைத்தும் அழிந்துவிட்டன, கம்பெனி வேகத்தில் ஓடுகிறது என்று. பேட்டரியைக் கழற்றியதால் நான் தை மாசம் முழுக்க உட்கார்ந்து ஏற்றிய படிகள் அத்தனையும் போய்விட்டிருந்தன. மறுபடி ஏற்ற நேரமில்லை. மூன்று கேமராவையும் கம்பெனி வேகத்தில் இது தாங்குமா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் வாங்கிய நாளிலிருந்து அதன் சொந்த வேகத்தில் அதை நான் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

ஓட்டினேன். மூன்று படமும் வந்தது. ஒரு இடத்திலும் விக்கவில்லை. ஆறு கோரும் பதறாமல் வேலை செய்துகொண்டிருந்தன, இன்னும் கொடு என்பதுபோல் பாதிச் சக்தி மிச்சம் இருந்தது. சூடு ஏறவே இல்லை. மூலையில் கிடந்த தகட்டை எடுத்து மாட்டி மூடினேன். கடையில் நின்று நான் தேர்ந்தெடுத்தது அன்றைக்கே சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அது போதும் என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பாய் போனில் வந்தார். "தெரியுது, நல்லா தெரியுது" என்றவர், கொஞ்சம் கழித்து, "அக்கா எங்க? படத்துல காணமே" என்றார்.

போய்த் தேடினேன். கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால், தண்ணீர் டிரம்மின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் குப்பி. செம்பு மடியில் இருந்தது. நான் கத்தியது அந்தச் சுவரில் இன்னும் எதிரொலித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது எனக்கு. "வாங்க குப்பி, பாய் கூப்பிட்றாரு" என்று கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்க் கேமரா முன்னால் நிறுத்தினேன். பாயின் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"நாந்தாண்டா கெடுத்துட்டேன்" என்றார் குப்பி. "எல்லாருக்கும் தெளிச்சேன். ஒனக்கு மட்டும் தெளிக்கலயேன்னு அந்தப் பொட்டி மேல…"

பாய் சொன்னார்:

"அதானா? இங்க வாசன வருதேன்னு பாத்துகினு இருந்தேன்."

குப்பி சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. அவரை மணப்பெண் பக்கத்தில் உட்காரவைத்தோம். வக்கீலும் சாட்சிகளும் மேலே வந்தார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு, கேட்கிறதா இல்லையா என்கிற குரலில் சம்மதம் சொன்னாள். மைக் அதைப் பிடித்தது. கடல் தாண்டி ஒரு மளிகைக் கடையின் பின்னால் இருந்த அவள் அத்தாவின் போனுக்கு அது போய்ச் சேர்ந்தது. கீழே மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதையும் அவர் பார்த்தார். பிரியாணி லேசாக அடி பிடித்திருந்தது. அதுதான் ருசி என்று எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் வேகத்தை ஏற்றவில்லை. தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்த அந்த வாரமே போர்டு முழுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கூலருக்கு அடியில் சூட்டைக் கடத்தும் புதுப் பசை வைத்து மாட்டினேன்.

அடுத்த வருஷம் பாய் லீவில் வந்தார். மகள் வீட்டுக்கு மணலூர்பேட்டை போய்விட்டு வந்த மறுநாள், படியேறி மேலே வந்தார். காபி கொடுத்தோம். குடித்துவிட்டு, "அந்தப் பொட்டி எதும்மா?" என்றார்.

காட்டினேன். ஒரு காதுகுத்து வீடியோ திரண்டுகொண்டிருந்தது; ஆறு கோரும் வேலையில் இருந்தன. பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மண்டியிட்டு, அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினார். அந்தப் பெட்டியிலிருந்து என்ன வாசனை வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தூசியும் சூடான பிளாஸ்டிக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கை என்னுடையது.

"இன்னும் வருதும்மா" என்றார் பாய்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எப்போது திருத்த ஆரம்பிக்கப் போகிறேன் என்று அவருக்குப் பயம்.

"ஆமாங்க பாய்" என்றேன். "சூடானா இன்னும் ஜாஸ்தியா வரும்."